உடம்பு இளைக்கும்போது உடுப்புகளை என்ன செய்வது? பிளவுஸ் முதல் பெல்ட் வரை முழு வழிகாட்டி

எடை குறைக்கத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆனதும் பலருக்கும் ஒரே சிக்கல் வரும். பிளவுஸ் தோளிலிருந்து நழுவும். பேன்ட் பெல்ட்டில் தொங்கும். குர்தியைப் போட்டால் அக்காவின் துணியை இரவல் வாங்கியது போல இருக்கும். "முழுசா குறைஞ்ச பிறகு ஒரேயடியாத் தைச்சுக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். அந்த "முழுசா" வர எட்டு மாதமும் ஆகலாம், ஒன்றரை வருடமும் ஆகலாம். வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவது நிதானமான வேகம். 20 கிலோ குறைய நினைப்பவருக்கு அந்தக் கணக்கிலேயே ஐந்து முதல் பத்து மாதம் ஆகிவிடும், நடுவில் தேங்கி நிற்கும் வாரங்கள் தனி. அத்தனை நாளும் பொருந்தாத துணியோடு வேலைக்கும் விசேஷத்துக்கும் போய்வர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இன்றைய உடம்புக்கு இன்று பொருந்தும் உடுப்பு வேண்டும், அதற்காகப் பணமும் நல்ல துணியும் வீணாகக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யும் வழி இது.

முதலில் ஒரு எச்சரிக்கை. உணவையோ உடற்பயிற்சியையோ மாற்றாமலே துணிகள் தளர்ந்துகொண்டு வந்தால், தையல்காரரைப் பார்க்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், முயற்சி எதுவும் இல்லாமல் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் காரணம் தேட வேண்டும். சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய் போன்றவை பலருக்கு முதலில் இப்படித்தான் தெரியவருகின்றன.

இன்ச் டேப்பும் ஒரு நோட்டும்

எடை பார்க்கும் மெஷின் உங்கள் உடுப்புக்கு உதவாது. ஒரே 5 கிலோ ஒருவருக்கு இடுப்பில் குறையும், இன்னொருவருக்கு முகத்திலும் கையிலும் குறையும். துணிக்குத் தேவை சுற்றளவுகள்தான். மார்பு, மார்புக்குக் கீழ், இடுப்பு, சீட் (பின்பக்கம் அதிகம் அகலமாக இருக்கும் இடம்), மேல்கை, தொடை, தோள்பட்டை அகலம், ஆண்களுக்குக் கழுத்து. இந்த எட்டையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் சாப்பிடுவதற்கு முன் எடுத்துத் தேதியோடு எழுதுங்கள். டேப் உடம்பை அழுத்தவும் கூடாது, தொங்கவும் கூடாது. மார்பளவை எப்போதும் ஒரே மாதிரி பிரா போட்டுக்கொண்டே எடுங்கள். தளர்ந்த பிராவோடு எடுத்த அளவை வைத்துத் தைத்த பிளவுஸ், நல்ல பிரா போட்ட அன்று முன்பக்கம் பிடிக்கும், பக்கவாட்டில் தொளதொளக்கும்.

நான்கைந்து முறை எழுதியதும் உங்கள் உடம்பு எங்கிருந்து இளைக்கிறது என்று தெரிந்துவிடும். தோள்பட்டை அகலம் பெரும்பாலும் எலும்பு சார்ந்தது, அதனால் மெதுவாகத்தான் மாறும். மற்றவை வேகமாக மாறும்.

அலமாரியைப் பிரித்தல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். போட்டுக்கொண்டு, இரண்டு பக்கவாட்டிலும் உபரித் துணியைக் கிள்ளிப் பிடியுங்கள். ஒவ்வொரு பக்கமும் மடிப்பு அரை இன்ச் வந்தால், மடிப்பில் இரண்டு அடுக்கு இருப்பதால் அந்தப் பக்கம் 1 இன்ச், மொத்தச் சுற்றளவில் 2 இன்ச் உபரி. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டைட் பிடிக்கும்போது அதிகமாகப் பிடித்துத் துணியைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்.

மொத்த உபரி 1 இன்ச்சுக்குள் இருந்தால் தொடாதீர்கள், இப்படியே உடுத்துங்கள். 1 முதல் 3 இன்ச் வரை இருந்தால் பக்கவாட்டில் பிடித்தாலே போதும். 4 இன்ச்சைத் தாண்டினால் பக்கவாட்டில் மட்டும் பிடிப்பது பலன் தராது. கையும் தோளும் அக்குளும் சேர்ந்தே பெரிதாக இருக்கும், முழுவதும் பிரித்துத் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். அந்த வேலைக்குத் தகுதியானது பட்டு, ஆரி வேலை, நல்ல கைத்தறி போன்றவைதான். தினசரிப் பருத்தி பிளவுஸுக்கோ 2 வருடம் போட்ட குர்திக்கோ அந்தச் செலவு வேண்டாம். ஆல்ட்டர் செய்யும் கூலி, புதிதாகத் தைக்கும் கூலியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

பெரிதாகிப் போனவற்றில் நல்லவற்றைத் துவைத்து, கொக்கியும் பட்டனும் சரிபார்த்து உடனே கொடுத்துவிடலாம். பெரிய அளவுத் துணி தேவைப்படுபவர்களுக்கு நல்ல நிலையில் கிடைப்பது அரிது. பிளவுஸை மட்டும் அப்படிக் கொடுக்க முடியாது, யாருக்கும் அப்படியே பொருந்தாது.

பிளவுஸ்: அதிகம் தளர்வதும் இதுதான், எளிதாகச் சரியாவதும் இதுதான்

நம் தையல்காரர்கள் பிளவுஸ் தைக்கும் முறையே இதற்கு உதவுகிறது. முன், பின், கை எல்லாம் இணைத்த பிறகு, கை ஓரத்திலிருந்து அக்குள் வழியாக இடுப்புவரை ஒரே நீளத் தையலாகச் சைடு அடிப்பதுதான் வழக்கம். ஆகையால் டைட் பிடிக்க எதையும் பிரிக்க வேண்டியதில்லை. பழைய தையலுக்கு உள்ளே இன்னொரு கோடு அடித்தால் போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். பல பிளவுஸ்களில் பக்கவாட்டில் இரண்டு மூன்று இணைகோடுகளாகத் தைத்திருப்பார்கள், உடம்பு வைத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட. நீங்களும் முன்பு அப்படிப் பிரித்துவிட்டிருப்பீர்கள். துணியை உள்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் பழைய ஊசித் தடம் தெரியும். அந்தத் தடத்திலேயே திரும்ப அடியுங்கள். உங்களுக்காக ஏற்கெனவே அளந்து போட்ட கோடு அது.

வீட்டில் செய்வதானால் வரிசை இப்படி:

1. பிளவுஸை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் ஊக்கு குத்துங்கள். திருப்பிப் போட்டால் வலது இடது மாறிவிடும். பலருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்காது, ஆகவே எது எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.
2. கழற்றி, ஊக்கு இருக்கும் புள்ளிகளைச் சாக்பீஸால் ஒரே வளைவாக இணையுங்கள். கை ஓரம், அக்குள், மார்பு, இடுப்பு ஆகிய நான்கு இடத்திலும் எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்று அளந்து எழுதுங்கள். அக்குளில் கோணமாக உடையாமல் வளைந்து போக வேண்டும். கோணம் வந்தால் கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுவதும் மேலே ஏறும்.
3. மெஷினில் தையல் நீளத்தை 4 மில்லிமீட்டரில் வைத்து முதலில் தற்காலிகமாக அடியுங்கள். போட்டுப் பார்த்துக் கையைத் தூக்குங்கள், குனியுங்கள், உட்காருங்கள். சரியாக இருந்தால் 2.5 மில்லிமீட்டரில் நிரந்தரமாக அடித்து, தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். மெல்லிய பருத்திக்கும் பட்டுக்கும் 11-ஆம் நம்பர் ஊசி, கனமான பருத்திக்கு 14.
4. உள்ளே மிஞ்சும் துணியை வெட்டாதீர்கள். பக்கத்துக்கு ஒன்றரை இன்ச்சுக்கு மேல் சேர்ந்து அக்குளில் உறுத்தினால், அக்குளில் மட்டும் குறைத்து, ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் போடுங்கள்.

பட்டு பிளவுஸுக்கு இந்தத் தாராளம் கிடையாது. பட்டில் ஊசி குத்திய ஓட்டை மறையாது. டைட் பிடிப்பதால் ஒன்றும் தெரியாது, பழைய தடம் உள்ளே போய்விடும். ஆனால் பின்னால் கொஞ்சம் எடை ஏறி அதைப் பிரித்தால் புள்ளிக்கோடு வெளியே தெரியும். ஆகவே பட்டு பிளவுஸை மாதாமாதம் பிடிக்க வேண்டாம். 2 இன்ச் குறைந்தபின் ஒருமுறை, எடை நிலைத்தபின் ஒருமுறை. நடுவில் ஒரு கல்யாணம் வந்தால் மெல்லிய ஊசியில் பட்டு நூல் கோத்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டு, வந்ததும் பிரித்துவிடுங்கள்.

சைடு பிடித்தும் கழுத்து அகன்று தோள் நழுவினால் சிக்கல் தோள் தையலில் இருக்கிறது. தோளில் முன்னும் பின்னும் கால் இன்ச் சேர்த்துப் பிடித்தால் கழுத்து இரண்டு பக்கமும் கால் இன்ச் மேலேறும், அக்குள் சுற்றும் இறுகும். அரை இன்ச்சைத் தாண்டினால் மார்பு டாட் (வடிவம் வரத் துணியைக் கூம்பாக மடித்துத் தைத்த இடம்) இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே போய்விடும். கொக்கியை உள்ளே தள்ளித் தைப்பதும் பலர் செய்வதுதான். அரை இன்ச் வரை பரவாயில்லை. அதற்கு மேல் நடுக்கோடு ஒரு பக்கம் ஒதுங்கி, இரண்டு பக்க டாட்டும் சமமில்லாமல் நிற்கும்.

பிரின்சஸ் கட் பிளவுஸில் முன்பக்க நீளத் தையலிலும் சிறிது பிடிக்கலாம். கட்டோரி (மார்புப் பகுதியைக் கிண்ணம் போலத் தனித்துண்டாக வெட்டித் தைத்தது), உள்ளே பேட் வைத்துத் தைத்தது இரண்டும் கடினம். பேட் பழைய அகலத்திலேயே நிற்கும், சைடு பிடித்தால் அது அக்குளை நோக்கி நகரும். பேடைக் கழற்றிவிட்டுப் பிடிப்பதே ஒரே வழி.

எடை குறையும் காலத்தில் ஆரி வேலை பிளவுஸ் கொடுப்பதானால், பக்கவாட்டுத் தையலுக்கு 2 இன்ச் முன்பே வேலைப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். வேலை போட்ட இடத்தில் மெஷின் ஊசி ஓடாது, கல்லும் மணியும் உடையும். கல்யாணத்துக்குத் தைக்கும்போது கழுத்து, கை, கொக்கி எல்லாம் முடித்துச் சைடு தையலை மட்டும் முகூர்த்தத்துக்கு பத்து நாள் முன்பு அடிக்கச் சொல்லலாம். விஷயத்தைச் சொன்னால் நல்ல தையல்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

அளவு பிளவுஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வருடமாக ஒரே அளவு பிளவுஸைக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், இளைக்கும் காலத்திலும் பழக்கதோஷத்தில் அதையே கொடுத்துவிடுகிறார்கள். புதுத்துணி பழைய உடம்புக்குத் தைத்து வருகிறது. அதை வீட்டில் வேறு இடத்தில் எடுத்து வைத்துவிட்டு, கடையில் நேரில் நின்று அளவு கொடுங்கள்.

புடவை

புடவைக்கு அளவே இல்லை என்பார்கள். ஓரளவு உண்மை. சீட் 44 இன்ச்சிலிருந்து 38 ஆனால் ஒரு சுற்றுக்கு 6 இன்ச் மிஞ்சும், இரண்டு சுற்றுக்கு ஏறக்குறைய 12. ஐந்து இன்ச் அகலக் கொசுவம் ஒன்று 10 இன்ச்சை விழுங்கும். ஒரு கொசுவம் கூட்டினால் கணக்கு முடிந்தது. உள்பாவாடைதான் கெடுக்கும். பெரிய பாவாடையின் துணியெல்லாம் நாடாவில் சுருங்கி இடுப்பைச் சுற்றி மூட்டையாக நிற்கும், இளைத்தது வெளியே தெரியாது. வயிறு குறைந்ததால் நாடா கட்டும் இடமும் இறங்கி, பாவாடை புடவைக்குக் கீழே எட்டிப்பார்க்கும். இடுப்பில் 4 இன்ச் குறைந்ததும் இரண்டு புதுப் பாவாடை வாங்கிவிடுங்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவான செலவு இது, அதிக மாற்றம் தருவதும் இதுதான்.

குர்தி, சுடிதார்

குர்தியின் சைடு பிடிக்கும்போது கோடு ஸ்லிட்டின் உச்சியில் போய் மெல்லக் கலக்க வேண்டும். ஸ்லிட்டுக்கு 4 இன்ச் மேலிருந்தே கோட்டைச் சாய்த்துக்கொண்டு வாருங்கள். நேராக வந்து திடீரென்று முடித்தால் அங்கே துணி சுருங்கிக் கூடாரம் போல் நிற்கும். முதுகில் மட்டும் தளர்வாக இருந்தால் சைடைத் தொடாமல் பின்னால் இரண்டு டாட் பிடிக்கலாம். பக்கத்துக்கு அரை இன்ச் மடிப்பு போதும்.

நாடா வைத்த பேன்ட்டும் பட்டியாலாவும் எத்தனை மாதமானாலும் கூட வரும். லெக்கின்ஸ் வேறு மாதிரி. அது இழுபடும் துணி, உடம்பு குறைவதை மறைத்துவிடும். முட்டியிலும் பின்பக்கமும் தொங்கத் தொடங்கும்போதுதான் தெரியும், அதைப் பிடித்துத் தைப்பதும் கடினம்.

ஆண்களின் பேன்ட், சட்டை, வேட்டி

தையல் பேன்ட்டிலும் ரெடிமேட் ஃபார்மல் பேன்ட்டிலும் பின்பக்க நடுத் தையலில் பிடிப்பார்கள். 2 இன்ச் வரை அழகாக வரும். அதற்கு மேல் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி, சீட்டில் துணி இழுக்கும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டை பின்னால் இணைப்பில்லாத ஒரே துண்டு. அதை வெட்டி இணைக்க வேண்டும், 16-ஆம் நம்பர் ஊசி ஓடும் மெஷின் வேண்டும். ஜீன்ஸ் தைத்துப் பழகிய கடையில் மட்டும் கொடுங்கள்.

பெல்ட்டில் புது ஓட்டை போடுவது இடைக்கால வழிதான். ஓட்டைகளுக்கு நடுவே 1 இன்ச் இடைவெளி என்றால், மூன்று ஓட்டை இறுக்கினால் 3 இன்ச் துணி இடுப்பைச் சுற்றிக் கொசுவமாகிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பேன்ட்டைக் கடைக்குக் கொடுக்கும் நேரம் அது. பல ஃபார்மல் பெல்ட்டுகளில் பக்கிளைக் கழற்ற முடியும். அந்த முனையில் வெட்டிவிட்டுத் திரும்ப மாட்டினால் ஓட்டையும் நுனியும் கெடாது.

சட்டையில் பார்க்க வேண்டியது தோள். தோள் தையல் எலும்பு முனையிலிருந்து 1 இன்ச்சுக்கு மேல் கையில் இறங்கியிருந்தால் அந்தச் சட்டைக்குச் செலவு செய்யாதீர்கள். தோள் சரியாக இருந்து உடம்பு மட்டும் தளர்ந்திருந்தால் சைடிலோ முதுகு டாட்டிலோ பிடித்துக்கொள்ளலாம். மேல் பட்டனைப் போட்டுக் காலருக்குள் விரல் விட்டுப் பாருங்கள். இரண்டு விரல் நுழைந்தால் சரி. நான்கு நுழைந்தால் டை கட்டும் வேலைக்கு அது இனி உதவாது. காலரைப் பெரும்பாலும் யாரும் சின்னதாக்கித் தருவதில்லை.

வேட்டிக்குக் கவலையே இல்லை. ஒட்டிக்கோ வேட்டியில் மட்டும் ஒட்டும் பட்டை தைத்த இடம் மாறாது. அது போதாமல் போனால் பட்டையை உள்ளே நகர்த்தித் தைத்துக்கொள்ளலாம்.

உள்ளாடை, மோதிரம்

பிராவில் முதலில் தளர்வது மார்புக்குக் கீழுள்ள பட்டை. புதிது வாங்கும்போது மிகத் தளர்ந்த கொக்கி வரிசையில் சரியாகப் பொருந்துவதை எடுங்கள். மூன்று வரிசை இருந்தால் இரண்டு முறை இறுக்க இடம் கிடைக்கும். இளைத்துக்கொண்டிருப்பவர் மிக இறுக்கமான வரிசையில் பொருந்துவதை வாங்கினால் அடுத்த மாதமே தூக்கிப் போட வேண்டும். பட்டை அளவு ஒன்று குறையும்போது கப் எழுத்து ஒன்று ஏறினால்தான் அதே கொள்ளளவு வரும். 36பி போட்டவருக்கு 34சி. பட்டை மட்டும் குறைந்திருக்கும்போது 34பி வாங்குவதால்தான் ஓரத்தில் பிதுங்குகிறது. ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் வாங்காதீர்கள்.

மோதிரத்தை மறந்துவிடாதீர்கள், எடை குறையும்போது தொலைவது பெரும்பாலும் இதுதான். குளிரிலும் தண்ணீரிலும் விரல் இன்னும் சுருங்கும். பாத்திரம் தேய்க்கும்போது, கடலில் இறங்கும்போது நழுவும். அளவை உடனே மாற்ற வேண்டாம், அடிக்கடி வெட்டிப் பற்றவைத்தால் தங்கம் மெலியும். வீட்டில் பெரியவர்கள் செய்வது போல மோதிரத்தின் அடியில் நூல் சுற்றி வையுங்கள். கல் வைத்ததைக் கொஞ்ச நாள் பெட்டியில் வையுங்கள். வளையல் விரல்களின் அடியிலுள்ள கணு எலும்புகளைத் தாண்டித்தான் உள்ளே போகிறது, அதனால் அளவு அவ்வளவாக மாறாது.

எத்தனை உடுப்பு போதும், எதை எடுத்து வைப்பது

இடைக்காலத்துக்கு வேலைக்குப் போகும் ஒருவருக்கு ஏழு மேல்துணி, மூன்று கீழ்த்துணி, விசேஷத்துக்கு இரண்டு போதும். இந்த மாதங்களில் தைப்பதும் வாங்குவதும் சாதாரணப் பருத்தியாக இருக்கட்டும். ஒரு உடுப்பை இரண்டு முறைக்கு மேல் ஆல்ட்டர் செய்ய வேண்டாம், மூன்றாம் முறை அதன் வெட்டே கெட்டுவிடும். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு முதல் ஆறு மாதம் எடை மிக வேகமாக இறங்கும், ஒரு வருடம் ஒன்றரை வருடம் வரைகூடத் தொடரும். அவர்கள் அந்த முதல் ஆறு மாதத்தில் நாடா, எலாஸ்டிக், புடவை, வேட்டி இவற்றோடு ஓட்டிவிட்டு ஆல்ட்டருக்கே செலவழிக்காமல் இருப்பது நல்லது. பாலூட்டும் தாய்மார்களும் பால் நிறுத்தும்வரை மார்பளவு சார்ந்த எதையும் நிரந்தரமாகத் தைக்க வேண்டாம்.

"இதுக்குள்ள நுழையணும்" என்று இரண்டு அளவு சிறியதாகப் புதுத்துணி தைத்து வைப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம். உடம்பு எங்கே குறையும் என்று முன்கூட்டித் தெரியாது. எடை இறங்கிய பிறகும் தோள் சரியாக இருந்து கை பொருந்தாமல் போகலாம். அளந்து பார்க்க ஒரு துணி வேண்டுமென்றால், ஏற்கெனவே உள்ள பழைய, இழுபடாத பருத்திச் சட்டையோ பிளவுஸோ ஒன்றை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பெரிதாகிப்போன பட்டுத்துணியையும் ஆரி வேலையையும் கொடுத்துவிடத் தேவையில்லை. பழைய பருத்தி வேட்டித்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரைத் தவிர்த்து வையுங்கள். ஜரிகைமேல் அந்துருண்டை படக் கூடாது, துணிக்குள் சுற்றிய வசம்பே போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுங்கள், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள். பெட்டிமேல் மார்பளவையும் இடுப்பளவையும் எழுதி ஒட்டினால், தேடும்போது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை.

நோட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதிய அளவு, மூன்று மாதமாக அரை இன்ச்சுக்கு மேல் மாறாமல் நின்றால் உடம்பு நிலைத்துவிட்டது என்று கொள்ளலாம். பட்டு, ஆரி வேலை, மோதிரம் எல்லாவற்றையும் நிரந்தர அளவுக்கு மாற்றும் வேளை அதுதான். முதலில் சாதாரண பருத்தியில் ஒரு பிளவுஸ் தைக்கச் சொல்லி, ஒரு நாள் முழுக்கப் போட்டு வேலை செய்து பாருங்கள். அக்குள், தோள், கழுத்து எல்லாம் சரியென்றால் உள்பட்டியில் அழியாத மையால் தேதி எழுதி அதையே புதிய அளவு பிளவுஸாகத் தையல்காரரிடம் கொடுங்கள்.